பொட்டிப்புரம் மலையும் எங்கள் வீட்டு விரிசலும்

வீரபாண்டியில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. ஜன்னலின் மேல் மூலையில் கிளம்பி, சாய்வாக ஏறிக் கூரை வரைக்கும் போகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கேயோ ஒரு குவாரியில் வெடி போட்டால் அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் தட்டுகள் கிலுங்கும். அம்மா உடனே சுவரைத் திரும்பிப் பார்ப்பாள். "பாத்தியா, இன்னுங் கொஞ்சம் வாயத் தொறந்திருச்சு."

2015இல் தேனிப் பக்கம் எங்கே போனாலும் நியூட்ரினோ பேச்சுதான். அப்போது அம்மா கேட்டாள்: "இந்தக் குவாரி வெடிக்கே சுவரு இந்தப் பாடு படுது. அங்க மலையவே ரெண்டு கிலோமீட்டருக்குக் கொடையப் போறாங்களாம்ல? பெரியாத்து அணை தாங்குமா?"

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

இயற்பியல் படித்தவன் என்பதைத் தவிர என்னிடம் பதில் எதுவும் இல்லை. ஆகாது என்று நம்பினேன், அவ்வளவுதான். அவள் ஆகும் என்று நம்பினாள். இரண்டு நம்பிக்கைக்கும் தரம் ஒன்றுதான். அதற்குப் பிறகு பாறை வெடிப்பு பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல், வகுத்தல், ஒரு வர்க்கமூலம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு சுரங்கங்கள்

வெடி வைத்து மலையைக் குடைவது கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் பக்கத்தில் ஓடுகிற முல்லையாற்றுத் தண்ணீரே அப்படி வந்ததுதான். பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரைக் கிழக்கே திருப்ப, அணை மட்டும் போதாது. மலைமுகட்டுக்கு அடியில் ஏறத்தாழ 1.7 கி.மீ. நீளத்துக்குப் பாறையில் துளையிட்டு, மருந்து கெட்டித்து, வெடித்து, ஒரு சுரங்கம் போட்டார்கள். நூற்று முப்பது வருடமாக நம் வயலுக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது. சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் குளிக்கிற யாருக்கும் இது ஞாபகத்தில் இருக்காது, எனக்கும் இருந்ததில்லை.

இரண்டாவது சுரங்கம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. இந்திய நியூட்ரினோ ஆய்வகம். வளிமண்டலத்தில் உண்டாகிற நியூட்ரினோக்களைப் பார்க்க வேண்டுமென்றால் மற்ற அண்டக்கதிர் இரைச்சலை வடிகட்ட வேண்டும், அதற்குத் தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் பாறை வேண்டும். இந்தியா இதை முன்பே செய்திருக்கிறது. கோலார் தங்கவயலில், தரைக்கு 2 கி.மீ.க்கும் கீழே, 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் குழுவும் உண்டு. அங்கே தங்கத்துக்காக ஏற்கனவே தோண்டிய குழி இருந்தது. புதிய ஆய்வகத்துக்குப் புதிதாகக் குடைய வேண்டும்.

முதலில் நீலகிரியில் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009இல் அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு சுருளியாறு பேசப்பட்டது. கடைசியில் போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம். வீரபாண்டியிலிருந்து நேர்கோட்டில் இருபது கி.மீ.க்குள். திட்டம் இது: ஏறத்தாழ 1.9 கி.மீ. நீளச் சுரங்கம், அதன் முடிவில் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரத்தில் ஒரு குகை, அதற்குள் 50,000 டன் காந்த இரும்பாலான கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அன்றிலிருந்து வழக்குகள்தான்.

குழி, தோட்டா, திரி

வெடி என்றால் என்ன என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது புத்தகமல்ல, என் தாய்மாமா. இளவயதில் கிணறு வெட்டுக்குப் போனவர். மண் முடிந்து பாறை வந்ததும் உளியும் சம்மட்டியும், பிறகு கம்ப்ரசர் வண்டி. இடது காது சரியாகக் கேட்காது.

"எல்லாக் குழியையும் ஒண்ணா விட மாட்டோம் மாப்ள. திரிய முன்னப்பின்ன வெட்டி வச்சிருப்போம். ஒண்ணு போனதும் அடுத்தது, அது போனதும் அடுத்தது. மேல ஒக்காந்து எண்ணுவோம். பத்துக் குழின்னா பத்துச் சத்தம் கேக்கணும். ஒம்போது கேட்டா ஒருத்தனும் உள்ள எறங்கக் கூடாது."

எண்ணுவது உயிர் பிழைக்க, அது புரிகிறது. திரியை ஏன் முன்னப்பின்ன வெட்ட வேண்டும்? "நடுக்குழி மொதல்ல போயி எடம் பண்ணிக் குடுத்தாத்தான் ஓரக்குழி கல்லு அதுல வந்து விழும். எல்லாம் ஒண்ணாப் போனா கல்லு எங்கிட்டுப் போகும்? ஒடையாது, சும்மா அதுரும்."

"ஒடையாது, சும்மா அதுரும்." பாறை வெடிப்பியலின் பாதி இந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது.

துளைக்குள் தோட்டா வெடிக்கும்போது, அந்த வெடிப்பு மருந்துக்குள் வினாடிக்கு 4 முதல் 5 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. (ஜெலட்டின் என்று இன்றும் நாம் சொல்கிறோம். உள்ளே இருப்பது இப்போது பெரும்பாலும் எமல்ஷன்.) துளையை ஒட்டிய பாறை பொடியாகிறது. அதற்கு வெளியே நாலாபக்கமும் கீறல்கள் ஓடுகின்றன. அழுத்த அலை பாறை வழியே போய், பக்கத்தில் ஒரு திறந்த முகம் இருந்தால் அதில் மோதி இழுவிசை அலையாகத் திரும்புகிறது. பாறையை அமுக்கி உடைப்பது கஷ்டம், இழுத்து உடைப்பது சுலபம். இழுவையில் அதன் பலம் அமுக்கத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். திரும்பி வருகிற அலை பாறையை உரிக்கிறது, பின்னாலேயே வாயு கீறல்களுக்குள் புகுந்து கல்லை வெளியே தள்ளுகிறது.

திறந்த முகம் இல்லையென்றால் அந்தச் சக்தி உடைக்க வழியில்லாமல் தரை வழியே அதிர்வாகப் போய்விடும். அதனால்தான் சுரங்க முகப்பில் நடுவே மருந்தில்லாத பெரிய துளைகள் ஒன்றிரண்டு போடுகிறார்கள். அதைச் சுற்றியுள்ள துளைகள் முதலில் வெடித்து ஒரு பொந்து உண்டாக்கும். பிறகு அடுத்த வளையம், அதற்கடுத்த வளையம், கடைசியாக ஓரத் துளைகள். இன்று திரியின் வேலையைத் தாமத டெட்டனேட்டர்கள் செய்கின்றன. ஒரு சுற்று முழுவதும் சில வினாடிகளில் முடிந்துவிடும். மாமா பத்து எண்ணினார். இங்கே எண்ண முடியாது, காதுக்கு ஒரே நீள உறுமலாகத்தான் கேட்கும். ஆனால் பாறைக்கு அது தனித்தனி வெடிகள்.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

பொட்டிப்புரம் விவாதத்தில் மேடைகளில் திரும்பத் திரும்ப வந்தது மொத்த எண்தான்: எத்தனை லட்சம் டன் பாறை, எத்தனை டன் வெடிமருந்து. நானும் ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். குகை மட்டும் 132 × 26 × 20 = 68,640 கன மீட்டர். சுரங்க முகப்பு 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.9 கி.மீ.க்கு 95,000 கன மீட்டர். இரண்டும் சேர்ந்து 1.6 லட்சத்துக்கு மேல். ஒரு கன மீட்டருக்கு 2.7 டன் என்றால் சுமார் 4.4 லட்சம் டன் பாறை. துணைக் குகைகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு கன மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ மருந்து என்று கொண்டால் சுமார் 245 டன் மருந்து. பயமுறுத்துகிற எண்தான்.

ஆனால் அதிர்வு இந்த எண்ணைப் பொறுத்ததல்ல. நாள் பூராவும் நூறு பேர் தனித்தனியாக ஒரு கதவைத் தட்டுவதும், நூறு பேரும் ஒரே நொடியில் மோதுவதும் கதவுக்கு ஒன்றா? அதிர்வைத் தீர்மானிப்பது இரண்டு: ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் அளவு, அங்கிருந்து நீங்கள் நிற்கும் தூரம்.

ஆய்வாளர்கள் அளப்பது துகள் வேகம். தரை அசையும்போது ஒரு மண்துகள் உச்சமாக எத்தனை வேகத்தில் ஆடுகிறது என்பது, வினாடிக்கு மில்லிமீட்டரில். தூரத்தை (மீட்டரில்) மருந்தின் (கிலோவில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது ஒப்பீட்டுத் தூரம். துகள் வேகம் அந்த ஒப்பீட்டுத் தூரத்தின் ஏறத்தாழ 1.6 அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது. முன்னால் பெருக்கும் மாறிலி இடத்துக்கு இடம் மாறும், அந்தந்தப் பாறையில் சோதனை வெடி வைத்து அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். கையேடுகளில் பொதுவாகத் தரப்படும் 1,143ஐ வைத்து இங்கே கணக்குப் போடுகிறேன்.

ஒரு சுரங்கச் சுற்றுக்கு 3 மீட்டர் ஆழம், 50 சதுர மீட்டர் முகப்பு என்றால் 150 கன மீட்டர், 225 கிலோ மருந்து. முழுவதும் ஒரே கணத்தில் போனால் வர்க்கமூலம் 15. ஒன்பது பங்காகப் பிரித்து, கணத்துக்கு 25 கிலோவாக விட்டால் வர்க்கமூலம் 5. இப்போது 300 மீட்டர் தள்ளி ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கணத்தில் 225 கிலோ: ஒப்பீட்டுத் தூரம் 20, துகள் வேகம் சுமார் 9.5 மி.மீ.
பிரித்து 25 கிலோ: ஒப்பீட்டுத் தூரம் 60, துகள் வேகம் சுமார் 1.6 மி.மீ.

மருந்து அதே 225 கிலோ, மலை அதே மலை. வித்தியாசம் ஆறு மடங்கு. மாமாவின் திரிக்கணக்கு இதுதான்.

9.5 என்பது அதிகமா, கம்மியா? இந்தியாவில் இதற்கு வரம்பு இருக்கிறது. தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்சுக்குக் கீழே என்றால் 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. பழைய நினைவுச் சின்னங்களுக்கு இன்னும் கடுமை: 2, 5, 10. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஏன் கடுமை என்றால், வீடுகள் தாமாகவே ஆடும் அதிர்வெண் அந்தப் பக்கம்தான். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளுவது போல, அப்போது ஆட்டம் பெருகும்.

இந்த வரம்புகள் எப்படி வந்தன என்பது படிக்க வேண்டிய கதை. அமெரிக்கச் சுரங்கத் துறை 1962இல் வினாடிக்கு 2 அங்குலம், அதாவது சுமார் 51 மி.மீ. வரை பாதுகாப்பு என்றது. மக்கள் புகார் நிற்கவில்லை. மறுபடி வீடுகளுக்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். 1980இல் வந்த அறிக்கை, தாழ்ந்த அதிர்வெண்ணில் பழைய பூச்சுச் சுவருக்கு 12.7 மி.மீ.தான் பாதுகாப்பு என்றது. நாலில் ஒரு பங்கு! "சும்மா புகார் சொல்கிறார்கள்" என்று விட்டிருந்தால் 51லேயே நின்றிருக்கும். இதே அறிவியல்தான் நம் பக்கம் பயப்படாதே என்றும் சொல்லும், அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்லாதே என்றும் சொல்லும்.

அணைக்கு, வீட்டுக்கு

அம்மாவின் கேள்விக்கு வருவோம். பொட்டிப்புரத்திலிருந்து முல்லைப் பெரியாறு அணை நேர்கோட்டில் 45 கி.மீ.க்கு மேல். மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம்: ஒருவன் தப்பாக இணைத்து 225 கிலோவும் ஒரே கணத்தில் போய்விட்டது. ஒப்பீட்டுத் தூரம் 3,000. துகள் வேகம் 0.003 மி.மீ. வீட்டுக்கான கடுமையான வரம்பில்கூட ஆயிரத்தில் ஒரு பங்கு இல்லை. இத்தனை தூரத்துக்கு இந்தச் சூத்திரத்தை இழுப்பது முறையல்ல என்று ஒரு பொறியாளர் சொல்லலாம், சரிதான். ஆனால் எண் பத்து மடங்கு தவறாக இருந்தாலும் முடிவு மாறாது. வெடியதிர்வால் அணைக்கு ஆபத்து என்ற பேச்சில் எனக்குத் தெரிந்து சத்து இல்லை. இதை எழுதினால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும், தெரியும்.

ஆனால் அதே சூத்திரத்தைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் கதை வேறு. 100 மீட்டரில், பிரித்து விட்ட 25 கிலோவே 9.5 மி.மீ. தரும். 50 மீட்டரில் கிட்டத்தட்ட 29. தமிழ்நாட்டு விதிப்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரி இருக்கக் கூடாது. அந்த 300இல் ஒழுங்காக வெடித்தால் 1.6, அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் 9.5, அதாவது வரம்பின் விளிம்பு. தூரமும் குறைந்தால்? உலகமே பார்க்கிற ஒரு ஆய்வகச் சுரங்கத்தில் வெடி தப்பும் வாய்ப்பைவிட, யாரும் அளக்காத ஒரு குவாரியில் தப்பும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். நாம் ஊர்வலம் போனது முதலாவதற்கு. இரண்டாவதற்கு யாரும் ஒரு மனுகூட எழுதியதாக எனக்கு நினைவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

விரிசல் நோட்டு

சரி, எங்கள் வீட்டு விரிசல்? அதையும் அளந்தேன். பெரிய கருவி எதுவும் இல்லை. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. நடுவில் இரண்டு பக்கமும் சுவரில் ஒட்டும்படி ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டு, சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். பொறியாளர்கள் காலங்காலமாகச் செய்கிற வித்தை இது, யாரும் செய்யலாம். கூடவே ஒரு நோட்டு: வெடிச்சத்தம் கேட்ட நாள், நேரம், தட்டு கிலுங்கியதா இல்லையா. நோட்டை எழுதியது பெரும்பாலும் அம்மாதான்.

ஒரு வருடம் போனது. வெடி போட்ட நாட்களில் கண்ணாடி உடையவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில், சத்தமே இல்லாத ஒரு வாரத்தில் உடைந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு விரிசல் கொஞ்சம் மூடிக்கொண்டது. ஆற்றோரத்துக் களிமண் காயும்போது சுருங்கி, நனையும்போது உப்புகிறது, அஸ்திவாரம் அதோடு ஏறி இறங்குகிறது. எங்கள் வீட்டுக்கும் குவாரிக்கும் இரண்டு கி.மீ.க்கு மேல். அந்தத் தூரத்தில் 225 கிலோ ஒன்றாகப் போனாலும் 0.45 மி.மீ.தான். மனிதருக்கு லேசாக உணர்வு தட்டும், சுவர் விரியாது. தட்டு கிலுங்கியது பெரும்பாலும் தரை வழியாக அல்ல, காற்று வழியாக வந்த அழுத்தத்தால் இருக்கலாம். திறந்தவெளிக் குவாரியில் அது அதிகம்.

அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அவள் தன் கையெழுத்தையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "அப்ப மண்ணுதான் காரணமா" என்றாள். பிறகு, "குவாரிக்குப் பக்கத்துல இருக்கவுக வீட்டுல இப்படி நோட்டுப் போட்டா என்ன வரும்?" என்றாள்.

எனக்குத் தோன்றாத கேள்வி.

கணக்கில் வராதவை

அதிர்வு சின்ன விஷயம் என்றால் பொட்டிப்புரத்துக்காரர்கள் பயந்தது வீண் என்று அர்த்தமா? இல்லை. வெடி என்பது சத்தமாகக் கேட்கிற பயம். சத்தமில்லாத பயம் தண்ணீர்.

இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் நெடுஞ்சாலைச் சுரங்கமும், அதை ஒட்டி ஒரு பெரிய இயற்பியல் ஆய்வகமும் இருக்கின்றன. அந்தச் சுரங்கம் குடைந்தபோது மலைக்குள் இருந்த தண்ணீர் பீறிட்டு வந்தது. மலையின் நீர்மட்டம் பல நூறு மீட்டர் இறங்கியது, ஊற்றுகள் குறைந்தன. சீனாவில் ஜூனோ நியூட்ரினோ ஆய்வகம் தோண்டும்போதும் நிலத்தடி நீர் புகுந்து வேலை தாமதமானது. நம் மலை சுண்ணாம்புக்கல் அல்ல, சார்னோகைட். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் பெயர் வந்த பாறை, அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனது.) அடர்த்தியான, இறுகிய பாறை. தண்ணீர் பாறைக்குள் ஊறாது, விரிசல்களில் மட்டும் ஓடும். எந்த விரிசல் எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. மழைமறைவுப் பகுதியில், ஆழ்துளைக் கிணற்றை நம்பி விவசாயம் பண்ணுகிறவருக்கு, துகள் வேகம் 0.003 என்று சொன்னால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

சட்டமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனது. 2011இல் தந்த சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. காரணம் வெடியின் பலம் அல்ல. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதால் விண்ணப்பத்தை வேறு வகையில், கடுமையாகப் பார்த்திருக்க வேண்டும் என்பதும், மதிப்பீடு தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பதும்தான். 2018இல் புதிய அனுமதி வந்தது, கூடவே வனவிலங்கு வாரிய ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையும். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்து மனு போட்டது. இதை எழுதும் வரை அந்த மலையில் சுரங்க வெடி ஒன்றுகூடப் போடப்படவில்லை.

ஆய்வகம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். இன்றும் ஆசை உண்டு. ஆனால் "ஒண்ணும் ஆகாது" என்று நான் அம்மாவிடம் சொன்னதும், ஊர்க்காரர்களிடம் பெரியவர்கள் சொன்னதும் ஒரே மாதிரிதான் இருந்தது. முடிவை நீட்டினோம், அளவுகோலைக் கையில் தரவில்லை. சோதனை வெடிக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டு விரிசலையும் படமெடுத்து, ஒவ்வொரு கிணற்று நீர்மட்டத்தையும் எழுதி, அதிர்வுமானியின் எண்ணை அன்றன்றைக்கு ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆய்வகத்துக்குத்தான் என்றில்லை, குவாரிக்கும் இதே பலகை போதும். அதில் இரண்டே எண் வேண்டும்: கணத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை மீட்டர் தள்ளி. மீதியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சுவரில் புதிதாக ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தது. நோட்டில் இரண்டு கையெழுத்து. குவாரிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்து பார்த்துவிட்டு, எப்படி ஒட்டுவது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாராம்.